இருபதாவது நிமிடம்

ஜூன் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இரண்டு வருஷம் கேட்காமல் இருந்துவிட்டு இப்போது கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். டிராக்டர் ஓட மாட்டேன் என்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். என் நம்பரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. "கடிதாசி போட்டுப் பாருங்க, படிக்காமக் கிழிக்கிற ஆளு இல்ல அவரு" என்று உன் அண்ணிதான் இந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்தாள். கவரில் விலாசமும் அவள் எழுதியதுதான். என் எழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுவாய் என்று அவளுக்குப் பயம்.

நீ போன பிறகு வண்டியை நான் தொடவில்லை. கொட்டகையில் நிறுத்தியது நிறுத்தியபடியே கிடந்தது. வாடகை வண்டி வைத்து உழுதேன். இந்த வருஷம் அதற்கும் வழியில்லை. ஆற்றுப் பாலத்தை இடித்துப் போட்டுவிட்டார்கள், புதிதாகக் கட்டுகிறார்களாம். பஸ்ஸும் இல்லை, வாடகை வண்டியும் இல்லை. சுற்றிக்கொண்டு வந்தால் இரண்டரை மணி நேரம் என்று ஒருவனும் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. மணலில் இறங்கி ஆற்றைக் கடக்க நம் டிராக்டரை விட்டால் வேறு நாதியில்லை.

புது பேட்டரி போட்டு, புது டீசல் ஊற்றினேன். முதல் திருகிலேயே கிளம்பியது. "மாமியாருக்கு இன்னிக்கு நல்ல மனசு" என்று உன் அண்ணி கைதட்டினாள். அவள் அதை மாமியார் என்றுதான் சொல்வாள், நினைவிருக்கும். நம் அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டதால் அந்தப் பதவி காலியாக இருக்கக் கூடாதாம்.

சரியாக இருபது நிமிடம் ஓடியது. பிறகு இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பத்து நிமிடம் கழித்துத் திருகினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. மறுபடி நிற்கிறது. டவுன் மெக்கானிக் ஆற்றை நடந்தே தாண்டி வந்து பார்த்தார். ஃபில்டரை மாற்றினார். "கெழட்டு வண்டிங்க. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

அப்பா இருந்தபோது பதினைந்து வருஷம் இந்த வண்டியை உயிரோடு வைத்திருந்தது நீதான். அதை நான் அன்றைக்கு நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ளவில்லை. காகிதத்தில் ஒத்துக்கொள்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது. மழைக்கு முன்னால் உழுதாக வேண்டும். உன்னை வா என்று கூப்பிடவில்லை.

அண்ணன்


ஜூன் 11

அண்ணனுக்கு,

அண்ணியின் கையெழுத்தைப் பார்த்ததும் அவர்களுக்குத்தான் ஏதோ என்று பதறிப்போய்க் கவரைப் பிரித்தேன். டிராக்டர் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு உங்கள் கடைசி வரி வரைக்கும்தான் தாங்கியது.

நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது மட்டும்தானா? அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிராக்டரை எனக்குக் கொடுங்கள், நான் தனியாகப் பிழைத்துக்கொள்கிறேன் என்று வாய் திறந்து கேட்டேன். திருடவில்லை. நீங்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் தோளோடு ஒரு கை கிழிந்து வந்தது. அண்ணி வாங்கிக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. வலியைவிட அதுதான் அதிகமாக உறுத்துகிறது.

சரி. இங்கே நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில் இருக்கிறேன். படகு இன்ஜின்களின் டீசல் பம்ப்தான் என் வேலை. நாள் முழுக்க உப்புக்காற்றும் டீசல் நாற்றமும். எனக்கென்று ஒரு மேஜை இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இருபது நிமிடம் ஓடி நின்று, ஓய்வுக்குப் பிறகு கிளம்புகிறதென்றால், இன்ஜின் குடிக்கிற அளவுக்கு டீசல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். வழியில் எங்கோ அடைப்பு. இல்லையென்றால் எங்கோ காற்று இழுக்கிறது. முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அது தூசியில் அடைபட்டால் டேங்கால் மூச்சு விட முடியாது, டீசலும் கீழே இறங்காது. அடுத்தது டீசல் வருகிற வழியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணம். அதைக் கழற்றி அடியில் தங்கிய தண்ணீரையும் துருவையும் கொட்டிவிடுங்கள். மூன்றாவது ரப்பர் குழாய். இரண்டு வருஷம் சும்மா கிடந்ததில் வெடித்திருக்கும், மாற்றிவிடுங்கள். டேங்கையும் ஒரு தடவை கழற்றிக் கழுவினால் நல்லது. அவசரமில்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றாகச் செய்து, என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள். விவரமாக எழுதுங்கள்.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

உத்தரவுப்படி செய்தேன், பம்ப்கார ஐயா.

மூடி ஓட்டையை உன் அண்ணியின் தையல் பெட்டியிலிருந்து ஊசி எடுத்துக் குத்தினேன். ஊசி வளைந்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கிண்ணத்தில் டீ நிறத்துக்குத் தண்ணீர் இருந்தது. குழாயும் புதுசு. இருபத்தைந்து நிமிடம் ஓடியது. கிழக்கு மூலையில் ஒரு துண்டு நிலம் உழுதுவிட்டு நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். அப்புறம் பழைய கதைதான். இருமல், நிறுத்தம்.

டேங்கைக் கழற்றுவது ஆகிற காரியமில்லை. நாலு போல்ட்டும் துருப்பிடித்து ஒட்டிக்கிடக்கிறது. தேவையும் இல்லை. டேங்கின் அடிக் குழாயைப் பிடுங்கி ஒரு டப்பாவைப் பிடித்துப் பார்த்தேன். விரல் தடிமனுக்கு டீசல் கொட்டியது. ஒரு நிமிடம் விட்டேன், குறையவே இல்லை. டேங்க் சுத்தம். எனக்கும் கொஞ்சம் தெரியும்.

இன்னொரு விஷயம். எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருக்கிறாள். இருந்தாலும் எழுதுகிறேன். உன் அண்ணிக்கு உடம்பு சரியில்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. பாலம் போவதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். "மூச்சு முட்டினா வீட்ல வச்சுப் பாக்காதீங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள இங்க கொண்டு வந்துடுங்க, காப்பாத்திடலாம்" என்றார். எப்படிக் கொண்டுபோவேன்? உழவு போனால் போகட்டும், தம்பி. வண்டி ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் ஓடினால் போதும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

அவள் இதை எல்லாம் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு நீ கழற்றிப் போட்டுவிட்டுப் போன நீலச் சட்டையை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள். அந்தக் கிழிந்த கையை மட்டும் வீடு பூராவும் தேடியும் காணோமாம். "சின்னவரு கையோட எடுத்துட்டுப் போயிட்டாரான்னு கேட்டு எழுதுங்க. அனுப்பினார்னா தைச்சுக் குடுத்துடுவேன்" என்று ஒரே அடம். எழுதிவிட்டேன்.

அண்ணன்


ஜூன் 26

அண்ணனுக்கு,

அண்ணியின் உடம்பைப் பற்றி முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

டேங்கைக் கழற்றுங்கள். போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றி ஒரு நாள் ஊறவிடுங்கள், அசையும். கழற்றிக் கவிழ்த்து, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுப் பிறகு மாட்டுங்கள். ஒரு நிமிடம் டீசல் கொட்டியதை வைத்து டேங்க் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். கழற்றுங்கள்.

அதற்குள் அவசரம் வந்து வண்டி வழியில் நின்றுபோனால், பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அப்படியும் கிளம்பாவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். அதை எடுக்கிற முறையைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டாலும் உங்களுக்குக் கிட்டே இருக்கிற எழுத்து சரியாகத் தெரியாது. அண்ணி படித்துச் சொல்லட்டும், நீங்கள் ஸ்பானரைப் பிடியுங்கள். மொத்தம் மூன்று ஸ்குரு. ஃபில்டர் தலையில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று, பம்ப் விலாவில் ஒன்று. வரிசை மாறக் கூடாது. ஒவ்வொன்றையும் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் நுரை வரும். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

சட்டைக் கையைப் பற்றி அண்ணி கேட்டதற்கு நேரில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். நேரில் வர நீங்கள் கூப்பிட வேண்டும்.

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

உன் அண்ணி போய்விட்டாள். மூன்றாம் தேதி, பகல் பன்னிரண்டேகால் மணிக்கு. ஆற்று மணலில், டிரெய்லரில்.

அன்றைக்கு நான் உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். சாவுச் செய்தி சொல்லச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்போது அவள் இருந்தாள். வண்டியைக் கிளப்ப வழி கேட்கத்தான் செய்தேன்.

உன் கடிதம் இரண்டாம் தேதி சாயங்காலம் வந்தது. உடனே போய்ப் போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றினேன். ஒரு நாள் ஊறட்டும் என்று எழுதியிருந்தாய். ஒரு நாள் கிடைக்கவில்லை.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றாள். உதடு நிறம் மாறிவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் பேசினேன், சுற்றி வர இரண்டரை மணி நேரம் என்றார்கள். எதிர்க்கரையில் வந்து நிற்கவும் அப்போது வண்டி இல்லையாம். டிரெய்லரில் மெத்தை போட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து அவளை ஏற்றினேன். "சின்னவரு எழுதின தாள எடுத்துக்கிட்டீங்களா?" என்று அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

இருபதாவது நிமிடம் நின்றது. நட்ட நடு ஆறு. நிழல் இல்லை. முதலில் உனக்குப் போன் செய்தேன். பிறகு நீ சொன்னபடி பத்து நிமிடம் விட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா நின்றேன், தம்பி. கிளம்பி ஐம்பது அடி ஓடி மறுபடி நின்றது. அதற்குப் பிறகு கிளம்பவே இல்லை. பானட்டைத் தூக்கினேன். அவள் டிரெய்லரில் சாய்ந்தபடி உன் தாளைப் படித்தாள்.

"மொதல்ல ஃபில்டர் தலையில இருக்கறத தளத்தணுமாம். நுரை நிக்கிற வரைக்கும் அடிங்க." மூச்சு வாங்கிவிட்டு, "அவசரப்படாதீங்க, மரை போயிடும்" என்று சொன்னாள். அது உன் தாளில் இல்லை. அவளே சேர்த்தது. நுரை நின்றது, இறுக்கினேன். இரண்டாவதையும் படித்தாள். இறுக்கினேன். "மூணாவது ஸ்குரு" என்றாள். அதோடு நிறுத்தினாள். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். கையெல்லாம் டீசல். தலையைத் திருப்பாமலே "மூணாவது எது? என்ன போட்டிருக்கு? சத்தமாப் படி!" என்று கத்தினேன். அவளிடம் நான் கடைசியாகப் பேசினது அதுதான். கத்தினது.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நீ முதல் கடிதத்திலேயே டேங்கைக் கழற்று என்று சொன்னாய். நான்தான் பெரிய மேதாவி மாதிரி டப்பாவைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்றேன். என் தலைக்கனம் அவளைக் கொன்றுவிட்டது. இதை வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை, சொல்லவும் ஆளில்லை. வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அடுப்பு பற்ற வைக்கவில்லை. டிரெய்லரில் மெத்தை அப்படியே கிடக்கிறது.

நீ வா. இப்போது கூப்பிடுகிறேன்.

அண்ணன்


ஜூலை 6

அண்ணனுக்கு,

உங்கள் பதில் வருவதற்கு முன்பே எழுதுகிறேன். மூன்றாம் தேதி பகலில் மூன்று தடவை போன் அடித்தீர்கள். எடுக்கக் கை வந்தது. எடுத்தால் குரலிலேயே சொல்லிவிடுவேனோ என்று பயந்து, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். டேங்க் போல்ட் வராமல் என்னைத் திட்டத்தான் கூப்பிட்டிருப்பீர்கள்.

நேற்று ஒரு படகு வந்தது. நடுக்கடலில் நின்று நின்று ஓடியதாம். டேங்குக்குள் ஒரு பிளாஸ்டிக் பை மிதந்துகொண்டிருந்தது. எடுத்துக் காட்டினேன். "ஏதோ கவனமில்லாம விழுந்திருக்கும். இதைப் போய் யாராவது வேணும்னு போடுவானா?" என்று படகுக்காரர் சிரித்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அந்தக் கிழிந்த கை டேங்குக்குள் இருக்கிறது. நான்தான் போட்டேன். வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றைக்குக் கொட்டகைக்குப் போய், மூடியைத் திறந்து உள்ளே விட்டேன். இன்ஜின் ஓடும்போது டீசலோடு இழுபட்டு அடி ஓட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். நின்றதும் விலகி மிதக்கும். அதனால்தான் ஓய்வுக்குப் பிறகு கிளம்புகிறது. உங்கள் டப்பாவில் ஒரு நிமிடம் கொட்டியதும் அதனால்தான்.

வண்டியைக் கெடுக்க நினைக்கவில்லை. இரண்டு நாள் நின்று நின்று ஓடினால் என்னைத் தேடிக் கூப்பிடுவீர்கள், வந்து எடுத்துவிட்டு அங்கேயே இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் வண்டியையே தொடாமல் விடுவீர்கள் என்று நினைக்கவில்லை. இரண்டு வருஷம் காத்திருந்தேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது. அன்றைக்கே உண்மையை எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும், உங்களிடமிருந்து மறுபடி கடிதம் வந்திருக்காது. அண்ணி எழுதிய விலாசத்தோடு இன்னொரு கவர் வரட்டும் என்றுதான் மூடி, கிண்ணம், குழாய் என்று இழுத்தடித்தேன். உடம்பு சரியில்லை என்று தெரிந்த பிறகும் சொல்ல வெட்கமாகி, கழற்றிக் கவிழ்த்தால் தானே விழுந்துவிடும் என்று அப்படி எழுதினேன்.

போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். டேங்கைக் கழற்றவே தேவையில்லை. நீளமான கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து மூடி வழியாக விட்டுத் துழாவுங்கள். ஐந்து நிமிட வேலை. அண்ணியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் திட்டினால் தாங்கிக்கொள்வேன். கொஞ்ச நாளில் சிரித்துவிடுவார்கள் என்றுகூடத் தோன்றுகிறது.

தம்பி


ஜூலை 11

அண்ணா,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. வா என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆறாம் தேதி நான் போட்ட கடிதம் உங்களுக்கு இன்றோ நாளையோ வரும். அதைப் பிரிக்காதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இது வந்து சேர்வதற்குள் படித்திருப்பீர்கள்.

பஸ் நிலையம் வரை போனேன். டிக்கெட் வாங்கினேன். ஏற முடியவில்லை, திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் நீங்கள் வா என்றால் வருகிறேன். போன் அடித்தால் இனிமேல் முதல் மணியிலேயே எடுப்பேன்.

தம்பி


ஜூலை 24

தம்பிக்கு,

படித்தேன். பன்னிரண்டு நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன்.

நீ சொன்ன மாதிரி கம்பியை வளைத்து விட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கறுத்துப்போய் வந்தது. சோப்புப் போட்டுத் துவைத்தேன். நீலம் தெரிகிறது. பித்தான் இன்னும் இருக்கிறது. பெட்டியிலிருந்து உன் சட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தோளில் அவள் ஏற்கனவே மடித்துத் தையலுக்குத் தயாராக ஊசி குத்தி வைத்திருக்கிறாள். நான் வளைத்த ஊசி.

அந்தக் கையைக் கிழித்தவன் நான். அதை மறைத்துவிட்டு உன்னை மட்டும் ஏச எனக்கு வாய் வரவில்லை. நீ செய்ததை மன்னிக்கவும் மனசு வரவில்லை. கூப்பிட மாட்டானா என்று நீ காத்திருந்தாய், வர மாட்டானா என்று நானும் காத்திருந்தேன். நடுவில் இருந்தவள் போய்விட்டாள். இனி நாம் யார் மூலமாகப் பேசிக்கொள்வது?

நீ வர வேண்டாம். உன் முகத்தைப் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. போனும் செய்ய மாட்டேன். சட்டையையும் கையையும் இதோடு அனுப்புகிறேன். தைக்கவில்லை.

வண்டி எப்படி ஓடுகிறது என்று விவரமாக எழுதச் சொன்னாயே, அதை எழுதி முடித்துவிடுகிறேன். நேற்று பகல் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். மெத்தையை எடுக்கவில்லை. மணலில் இறங்கினேன். இருபதாவது நிமிடம் வந்தபோது என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. வண்டி நிற்கவில்லை. அவள் படிப்பதை நிறுத்திய இடத்தைத் தாண்டியது, கரை ஏறியது, ரோட்டைப் பிடித்தது. ஒரு தடவைகூட இருமவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டு நிமிடம். வாட்ச்மேன் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தான். "பேஷன்ட் எங்கய்யா?" என்று கேட்டான். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அண்ணன்